ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

1

படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் பிரச்சினையே. சும்மா ஒரு படகில் இருந்திருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துடுப்பைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரிய ஐம்பது தாண்டிய ஒரு பெண் சிரிக்கிறாள். பின்னால் பெரிய நீர்த்தேக்கம். படத்தை எடுத்தவள் என் மகள் ஷெரின். எடுத்ததோடு விட்டாளா? "என் அம்மா இப்போது படகோட்டி" என்று ஆங்கிலத்தில் எழுதி எங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். போட்டது ஒரு ஞாயிறு காலை.

எங்கள் குழுவில் கனடாவில் இருக்கும் சித்தப்பா மகனின் பூனை தும்மினாலும் இருபது பேர் பதில் போடுவார்கள். என் படத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை.

"ஏன் அம்மா, ஒருத்தருக்கும் பிடிக்கேல்லையா?" என்று ஷெரின் கேட்டாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவள் இங்கே இங்கிலாந்தில் பிறந்தவள். மன்னார்ப் பக்கம் எங்கள் ஊர் விடத்தல்தீவுக்கு இரண்டு தரம் போயிருக்கிறாள். இரண்டு தரமும் நுளம்புக் கடியோடு திரும்பினாள்.

காரணங்கள் மூன்று. அந்த நேரத்தில் நான் தேவாலயத்தில் பூசையில் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் ஊரில் எவரும் வள்ளம் தள்ளுவதில்லை. மூன்றாவதை எழுதத்தான் கை கூசுகிறது. என் அண்ணன் சூசை விடலைப் பருவத்திலிருந்து கடலுக்குப் போனவர். போன வருடம் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபின் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வைக்கவே கூடாது என்று இங்கிலாந்திலிருந்து தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு மதியமாகும்போது போன் எடுப்பார். அங்கே அப்போது பொழுது சாயும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பூசைக்குப் போனனியோ?"

"ஓம் அண்ணன், போனனான்."

மாதக்கணக்காக இந்தப் பொய்யைச் சொல்லி வந்தேன். அன்று பொய் சொல்லும் வேலை இருக்கவில்லை. அண்ணன் எடுக்கவேயில்லை.

2

நான் தண்ணீருக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

கடலே கண்ணுக்குத் தெரியாத ஒரு நகரத்தில் இருக்கிறோம். இங்கிலாந்தின் நட்டநடு. நான் முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை. என் கணவர் லொறி ஓட்டுகிறார். இரண்டு வருடமாக எனக்கு நித்திரை இல்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கும். பிரஷர் கூடிக்கொண்டே போனது. காரணமே இல்லாமல் வெங்காயம் வெட்டும்போது அழுவேன். வெங்காயம் வெட்டும்போது அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இந்த நாட்டில் டொக்டரைப் பார்ப்பதென்றால் காலையில் போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது ஒரு இசை போடுவார்கள். அந்த இசையைக் கேட்டாலே பிரஷர் இன்னும் ஏறும். பிடித்துப் பிடித்து ஒருநாள் ஒரு இளம் டொக்டரைப் பார்த்தேன். என் மகளாக இருக்கக்கூடிய வயது. நான் எதிர்பார்த்தது நித்திரைக் குளிசை. அவள் என்னுடைய மருந்துகளை எல்லாம் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தண்ணீர் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

குடிக்கிற தண்ணீரைச் சொல்கிறாள் என்று நினைத்து, ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் குடிக்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரிக்காமல் விளங்கப்படுத்தினாள். நகரத்துக்கு வெளியே உள்ள நீர்த்தேக்கத்தில் ஒரு குழு ஞாயிறு காலைகளில் துடுப்புப் போட்டுப் படகு வலிக்கிறது. மனம் சரியில்லாதவர்கள், பிரஷர்காரர், துணையை இழந்தவர்கள் எல்லோரும் வருகிறார்கள். அதையும் ஒரு வைத்தியமாகவே எழுதித் தருவார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. குளிசை கேட்க வந்தவளைப் படகில் ஏற்றப் பார்க்கிறாளே. எங்கள் ஊரில் தண்ணீரில் இருப்பது உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அவருடைய தலையைத் தடவிப் பார்ப்பார்கள். கடல் தொழில். கடல் சோறு. கடல் பயம். உப்பில் வெடித்த கை, வலை இழுத்து இழுத்துப் போன முதுகு, வெயிலில் மங்கிய கண், இவைதான் நான் பார்த்த பலன்கள். அதோடு எங்கள் வீட்டுப் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. நண்டை வலையிலிருந்து கழற்றுவோம், மீனைத் தெரிந்து பிரிப்போம், கருவாடு போடுவோம். எல்லாம் கரையோடு சரி.

சேரும்போது ஒரு படிவம் தந்தார்கள். நீந்தத் தெரியுமா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். பிறந்த இடம் என்று கேட்ட இடத்தில் கடற்கரைக் கிராமம் என்று எழுதினேன். குழுவை நடத்தும் லின் என்ற பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடற்கரையில் பிறந்துவிட்டு நீந்தத் தெரியாதா?"

"கடற்கரையில் பிறந்த பெண்" என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. மிதவைச் சட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

3

முதல் நாள் பயத்தில் படகின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இரண்டாம் கிழமை துடுப்பைப் பிடித்தேன். மூன்றாம் கிழமை வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, கதிரையிலேயே நித்திரையாகிப் போனேன். என் கணவர் பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம்.

எப்படி அது நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. லின்னுக்குத் தெரியும். கண் தூரத்தைப் பார்த்தால் மனம் இளகும் என்பாள். துடுப்பு வலிக்கும்போது மூச்சு தானாக ஒரு ஒழுங்குக்கு வரும், தோளும் முதுகும் வேலை செய்யும், முழங்காலில் பாரம் விழாது என்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால், வீட்டுக் கடன் கடிதமும், சமையலறை மேலாளரின் குரலும், ஷெரின் எங்களோடு சாப்பிடாமல் தன் அறையில் சாப்பிடுவதும் கரையிலேயே நின்றுவிடும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளம் அளவு பெரிய தண்ணீர் அது. நடுவில் போனால் லின் துடுப்பை நிறுத்தச் சொல்வாள். படகு தன் பாட்டில் ஆடும். பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் இருப்பார். மனைவி போன பிறகு ஆறு மாதம் யாரோடும் கதைக்காத மனிதர். அவர் அந்த நேரத்தில் மெதுவாகச் சீட்டியடிப்பார்.

பிரஷர் இறங்கியது. டொக்டர்ப் பிள்ளை மருந்தொன்றைக் குறைத்தாள். வெங்காயத்துக்கு மட்டுமே அழத் தொடங்கினேன்.

ஆனால் பாருங்கள், எனக்கு நல்லது நடந்தால் அதை நிம்மதியாக வைத்திருக்கத் தெரியாது. படகு ஆட ஆட அண்ணனின் முகம் வரும். முதலில் பூசையை விட்ட குற்றம் வந்தது. இங்கே சனிக்கிழமை பின்னேரமும் பூசை உண்டு, அது ஞாயிறுக்கும் கணக்கு. வேலை முடிந்து வர அலுப்பாக இருக்கும், போவதில்லை. ஆகவே அண்ணனிடம் பொய். அந்தக் குற்றத்தை ஒருமாதிரி விழுங்கினேன். விழுங்க முடியாதது மற்றது. நான் தண்ணீரில் இருந்து சுகமாகிறேன். ஆயுள் முழுக்கத் தண்ணீரில் இருந்தவரைக் கரையில் கட்டிப்போட்டுவிட்டு.

4

அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது கடலில் இல்லை. பெருநாளுக்குக் கோயிலில் சனம் இருக்கிற நீட்டு வாங்குப் பலகைகளைத் தூக்கிப் போடும்போது. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரத்தக் குழாயில் கம்பிச் சுருள் வைத்தார்கள். "பாரம் தூக்கக் கூடாது, உடம்பை வருத்தக் கூடாது" என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

அவ்வளவுதான் சொன்னார்கள். மிச்சத் தடைகளை நாங்கள் போட்டோம். நாங்கள் என்றால் நானும் மச்சாளும். மச்சாள் என்பது அண்ணனின் மனைவி பிலோமினா. வள்ளத்தை மகன் அன்ரன் எடுத்துக்கொண்டான். அண்ணன் இறங்குதுறைப் பக்கமும் போகக்கூடாது என்று நான் சொன்னேன். அங்கே போனால் யாராவது ஒரு கை பிடி என்பார்கள், இவர் பிடிப்பார், எனக்கு ஆளைத் தெரியும். மச்சாள் அதைச் சட்டமாக்கினா. வீட்டு வாசலில் ஒரு சின்னக் கடை போட்டுக் கொடுத்தோம். பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை. பிளாஸ்டிக் கதிரையில் அண்ணன்.

கேமராவில் பார்க்கும்போது ஆள் ஊதிக்கொண்டு வந்தது தெரிந்தது. சீனி வருத்தமும் சேர்ந்தது. கடலுக்குப் போன காலத்தில் ஒரு குளிசை போடாதவர். கரைக்கு வந்து நின்றபடியே, காற்று எந்தப் பக்கம், நண்டு பட்டதா, இழுவைப்படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போனதா என்று சத்தமாகக் கதைக்கிறவர். இப்போது என்ன கேட்டாலும் "ஓம்", "இருக்கிறன்", "பரவாயில்லை". நான் அதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நல்லது, ஆறுதலாக இருக்கிறார் என்று என் கணவரிடம் சொன்னேன்.

மச்சாளோடு நான் அடிக்கடி கதைப்பேன். இங்கே நான் படுக்கப்போகிற நேரம் அங்கே விடியக் கொஞ்சம் கிடக்கும். எப்போது எடுத்தாலும் முதல் மணியிலேயே தூக்குவா. "எழும்பிட்டீங்களோ மச்சாள்?" என்றால், "ஓம், முழிப்புத்தான்" என்பா. கடற்காரர் வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில் எழும்புவது வழக்கம்தானே. நான் உடனே அண்ணனைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவேன். உப்புக் குறைத்தாவா, நடக்க விட்டாவா, கடல் பக்கம் போகவிடவில்லைத்தானே. அவ ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவா.

5

படம் வந்த ஞாயிறுக்கு அண்ணன் எடுக்கவில்லை என்றேனே. திங்கள் போய், செவ்வாய் போய், புதன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மணியடித்தது. நான் நின்றபடியே கதைத்தேன். திட்டு வாங்குவதற்கு நிற்பதுதான் மரியாதை.

"படம் பாத்தனான்" என்றார்.

"அண்ணன், அது வந்து... பூசை..."

"உப்புத் தண்ணியோ?"

"என்ன?"

"நீ ஓடின தண்ணி. உப்போ, நல்ல தண்ணியோ?"

"நல்ல தண்ணி அண்ணன். குடிக்கிற தண்ணி எடுக்கிற இடம்."

"ஆழமோ?"

"நல்ல ஆழமெண்டு சொல்லுறவை."

"காத்து இருக்குமோ?"

"சில நாளைக்கு நல்லா அடிக்கும். போன கிழமை வடக்கால வந்து எங்களைக் கரைக்கே தள்ளிப்போட்டுது."

அந்தப் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "காத்துக்கு எதிர்ல மூக்கைக் குடுக்க வேணும் பிள்ளை. பக்கத்தைக் குடுத்தா அப்பிடித்தான் தள்ளும்" என்றார். பிறகு, சும்மா கேட்பதுபோல, "உனக்கென்ன திடீரெண்டு உந்தப் பழக்கம்?" என்றார்.

சொன்னேன். நித்திரை இல்லாததை, நெஞ்சு படபடத்ததை, அழுததை, ஒன்றையும் இதற்குமுன் அவருக்குச் சொன்னதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வருத்தம் சொல்வதில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, டொக்டர் அனுப்பித்தான் போகிறேன் என்றேன்.

"டொக்டரே சொன்னவவோ, தண்ணியில போய் இரு எண்டு?"

"ஓம் அண்ணன்."

"இப்ப சுகமோ?"

"சுகம்."

அவருடைய கடைக்கு யாரோ வந்து சவர்க்காரம் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நல்ல டொக்டர்" என்றார். "சரி, வைக்கிறன் பிள்ளை."

பூசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். நான் சப்பாத்து ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக அந்த வாசலிலேயே இருந்து அழுதேன். மாடியிலிருந்து இறங்கி வந்த ஷெரின் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தாள். பிறகு போகாமல் படியில் பக்கத்தில் இருந்தாள். "மாமாவுக்கு என்ன?" என்றாள். "மாமாவுக்கு ஒண்டுமில்லை. நான்தான்" என்றேன்.

6

அடுத்த நாள் மச்சாளுக்கு எடுத்தேன். வழக்கம்போல முதல் மணியில் தூக்கினா. "மச்சாள், அண்ணனை ஒருக்கா வள்ளத்தில கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவமோ? தொழிலுக்கில்லை, சும்மா" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"உனக்கு விசரே? நீதானே போகக்கூடாது எண்டு நிண்டனி? உன்ர சொல்லைக் கேட்டுத்தானே இந்த மனுசனை நான் ஒரு வருசமாப் பூட்டி வைச்சிருக்கிறன்? இப்ப நீ அங்க சிரிச்சுக்கொண்டு போட்டில இருந்து படம் எடுத்துப்போட்டு, உன்ர அண்ணரையும் ஏத்து எண்டுறாய். ஏதும் நடந்தா நீ பிளேனில வருவாய், அழுதுபோட்டுப் போவாய். தூக்குறது ஆர்? நான்."

சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. "கிளினிக்கில ஒருக்காக் கேட்டாவது பாருங்கோ மச்சாள்" என்று மட்டும் சொன்னேன். பட்டென்று வைத்துவிட்டா.

ஆனால் கேட்டா. கோபம் வந்தாலும் காரியத்தைச் செய்கிறவ. அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் கேட்டிருக்கிறா. எஞ்சின் கயிறு இழுக்கக்கூடாது, வலையில் கை வைக்கக்கூடாது, வள்ளம் தள்ளக்கூடாது, வேறு ஆள் ஓட்ட, சும்மா இருந்து போய் வரலாம், மனதுக்கும் நல்லதுதான் என்று டொக்டர் சொன்னாராம். "இதை ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை?" என்று டொக்டர் கேட்டபோது மச்சாள், "இவற்ற தங்கச்சி லண்டனில இருக்கிறவ, அவ வேண்டாமெண்டவ" என்று சொல்லியிருக்கிறா. நான் லண்டனிலும் இல்லை.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கே தீர்ந்தது? கிழமை நாளில் வள்ளம் தொழிலுக்குப் போகும். நண்டு வலைக்காரனுக்கு ஆளைச் சும்மா இருத்திக்கொண்டு திரிய நேரமில்லை. வள்ளம் சும்மா கிடப்பது ஞாயிறு மட்டும்தான். சனி பின்னேரம் எல்லா வள்ளங்களும் கட்டப்பட்டுவிடும். ஞாயிறு கடலுக்கும் ஓய்வு. மீறிப் போனால் கோயில் சபை தண்டம் போடும். அந்தச் சபையில் வருடக்கணக்காக இருந்து, மீறினவர்களைப் பிடித்துத் தண்டம் போட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் சூசை அண்ணன்.

"ஏலாது பிள்ளை. நான் தண்டம் போட்ட ஆக்களெல்லாம் உயிரோட இருக்கினம். அவையின்ர முகத்தில முழிக்கேலாமப் போயிடும்" என்றார்.

"தொழிலுக்கில்லைத்தானே அண்ணன்."

"அது எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். தேசிங்குக்குத் தெரியுமோ?" தேசிங்கு, ஒரு பெரிய வெள்ளிக்கு முதல்நாள் இரவு ஆசைப்பட்டு வலை போட்டு அண்ணனிடம் அகப்பட்டவர். அந்தத் தண்டத்தை இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் மச்சாள்தான் எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமியிடம் போனா. சுவாமி யோசித்துவிட்டு, வலையும் தூண்டிலும் இல்லாமல் போனால் அது தொழில் இல்லை, ஓய்வுதான், ஓய்வு எடுக்கத்தானே ஞாயிறு என்றாராம். அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. சுவாமி அதைக் கோயிலில் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்று நின்றார். சுவாமியும் நல்ல மனிதர். அந்த ஞாயிறு பூசை முடிவில், இரண்டு கலியாண அறிவித்தல்களுக்கும் ஒரு சிரமதான அறிவித்தலுக்கும் பிறகு, "சூசை இண்டைக்குப் பின்னேரம் டொக்டரின்ர சொல்லின்படி வள்ளத்தில போவார். வலை கொண்டுபோக மாட்டார்" என்று வாசித்திருக்கிறார். கோயில் முழுக்கச் சிரிப்பாம். தேசிங்கு எழும்பி நின்று, "வள்ளத்தைச் சோதிச்சுப்போட்டு விடுங்கோ சுவாமி" என்றாராம்.

இதையெல்லாம் நான் ஷெரினுக்குச் சொன்னேன். ஒருவர் படகில் போவதை ஏன் சேர்ச்சில் அறிவிக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் முதல் தடவையாக, அங்கே இப்போது என்ன நேரம் என்று கேட்டாள்.

7

அதே ஞாயிறு. நான் முதல் நாள் பின்னேரமே பூசைக்குப் போய்விட்டேன். அலுப்பாகத்தான் இருந்தது, இருந்தாலும் போனேன். போனைத் தண்ணீர் புகாத பைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு படகில் ஏறினேன். லின்னிடம் விசயத்தைச் சொல்லியிருந்தேன். நீர்த்தேக்கத்தின் நடுவில் துடுப்பை நிறுத்தியபோது போன் அதிர்ந்தது. அன்ரன் வீடியோவில் எடுத்திருந்தான்.

இறங்குதுறையில் பாதி ஊர் நின்றது. அண்ணன் வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, முதல் நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைபோல நின்றார். தேசிங்கு உண்மையிலேயே வள்ளத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளத்தை அன்ரனின் கூட்டாளிகள் பிடிக்க, அண்ணன் ஏறினார். அவ்வளவு பாரமான மனிதர், ஏறும்போது வள்ளம் அசையவில்லை.

அப்போது மச்சாள் செருப்பைக் கழற்றினா.

"நீ எங்க வாறாய்?" என்று அண்ணன் கேட்டார்.

"நானும் வாறன்."

"பொம்பிளையள் ஏறுறேல்லையப்பா."

"உங்கட தங்கச்சி ஏறி உலகமெல்லாம் காட்டினவ. நான் உங்களைத் தனிய விடமாட்டன். ஒண்டில் ரெண்டு பேரும் போவம், இல்லாட்டி ரெண்டு பேரும் வீட்ட போவம்."

கரையில் ஒரு ஆரவாரம். யாரோ ஒரு பெண் கை கொடுத்தாள். கடற்காரனைக் கட்டி, கடற்காரனைப் பெற்று, அந்த வீட்டு வள்ளத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காத பிலோமினா மச்சாள், ஒரு கையில் செபமாலையும் மறுகையில் அண்ணனின் மருந்துப் பையுமாக ஏறினா. ஏறியதும் நடுப்பலகையில் குந்தி, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினா. என் முதல் நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்ரன் ஒரு கையில் போனோடு மறுகையால் எஞ்சினைத் தொட்டான். உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் காட்டுக்கு நடுவால் போகும் வாய்க்காலில் வள்ளம் மெதுவாகப் போனது. போன் ஆடியது, படம் உடைந்து உடைந்து வந்தது. அண்ணனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னாலே பார்த்தார். கழுத்து நிமிர்ந்திருந்தது. ஒரு கை விளிம்புக்கு வெளியே போய்த் தண்ணீரைத் தொட்டது. வாய்க்கால் முடிந்து திறந்த கடல் வரும் இடத்தில் படம் நின்றுபோனது.

நான் போனை மூடிவிட்டு முகத்தைத் துடைத்தேன். பஸ் சாரதி ஒரு காகிதத் துவாலை நீட்டினார். நாங்கள் மறுகரைக்கு வலித்துத் திரும்பும்போது மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அண்ணனே போனைப் பிடித்திருந்தார். எஞ்சின் நின்றிருந்தது. பின்னால் ஒரு சலனமும் இல்லாத கடல், தூரத்தில் கண்டல் மரங்கள். சேட்டைக் கழற்றியிருந்தார்.

"அண்ணன், எப்பிடி இருக்கு? நெஞ்சுக்குள்ள ஒண்டும் செய்யேல்லையே? மூச்சு?"

அவர் விரலை வாயில் வைத்தார். பிறகு போனை மெதுவாகத் திருப்பினார்.

மச்சாள் வள்ளத்தின் அடியில், சுருட்டி வைத்த ஒரு சாக்கில் தலை வைத்துச் சரிந்து கிடந்தா. ஒரு கணம் எனக்கு உயிர் போய் வந்தது. பிறகுதான் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. செபமாலை விரலில் அப்படியே சுற்றியிருந்தது. வெயில் படாமல் அண்ணன் தன் சேட்டை அவ முகத்துக்கு மேலே இரண்டு பலகைகளுக்குக் குறுக்கே விரித்திருந்தார்.

"வாய்க்கால் தாண்ட முந்தியே சரிஞ்சிட்டா" என்று மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒரு வருசமா இவ படுக்கேல்லை, பிள்ளை. நான் படுத்தா, பக்கத்தில இருந்து என்ர நெஞ்சில கையை வைச்சுக்கொண்டே இருப்பா. மூச்சு வருதோ எண்டு பாக்க. விடியும் வரைக்கும். படு, படு எண்டு சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை."

முதல் மணியிலேயே தூக்கிய அத்தனை அழைப்புகளும் எனக்கு நினைவுக்கு வந்தன. முழிப்புத்தான், முழிப்புத்தான். என் நித்திரைக்கு இந்த நாடு ஒரு டொக்டரைத் தந்து, ஒரு படகைத் தந்து, ஒரு லின்னைத் தந்தது. அண்ணனின் நெஞ்சுக்கு நாங்கள் எல்லோரும் நின்று சண்டை பிடித்தோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் மச்சாள் என்று நான் ஒருநாள், ஒரேயொரு நாள், கேட்டதில்லை.

"அண்ணன்" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சத்தம் போடாத" என்றார். "எழும்பிடுவா. பொழுது படும்வரைக்கும் இப்பிடியே நிப்பம். நீ வை."

வைத்துவிட்டேன். லின் முன்னாலிருந்து, வலிக்கலாம் என்று கை காட்டினாள். போன் பையை மூடிக் கழுத்துக்குள் விட்டேன். தொடர்பு அறுந்துவிட்டது, அங்கே ஒன்றும் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் துடுப்பைச் சத்தம் வராமல் தண்ணீருக்குள் வைத்தேன்.